வாக்குச் சாவடியிலிருந்து நீதிபீடம் வரை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

கம்பம் பள்ளத்தாக்கில் நீதியைப் பற்றிப் பேசப் புகும் எவரும் கூடலூருக்கு மேலே நிற்கும் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டே பேசவேண்டும். அங்கு வண்ணாத்திப்பாறை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று, பளியன்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக ஜீப்பில் ஏறியும் மக்கள் அங்குச் செல்கின்றனர். அவர்கள் வணங்குவது ஒரு வழக்காளியை. கொலையுண்ட கணவனுக்காக அரசவையில் தனித்து நின்று, சான்று காட்டி, தீர்ப்பைத் திருத்தச் செய்த பெண்ணை.

அந்தத் தீர்ப்பை வழங்கியவன் பாண்டியன் நெடுஞ்செழியன். அவனை எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பதவியிலிருந்து இறக்கும் அதிகாரமும் எவர்க்கும் இல்லை. ஆயினும் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது தன் தவற்றை உணர்ந்து உயிர்விட்டான். அவன் எதற்குக் கட்டுப்பட்டான்? குடிகளுக்கா, குலத்துக்கா, தன் நெஞ்சுக்கா? நீதிபதி என்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் இந்தக் கேள்வி சிலப்பதிகாரத்தோடு முடிந்துவிடவில்லை. முல்லைப் பெரியாற்று நீரில் நெல் விளைவிக்கும் இப்பள்ளத்தாக்கு மக்களுக்கு அது நன்கு தெரியும். 2006 பிப்ரவரி 27, 2014 மே 7 ஆகிய நாள்களில் புதுடெல்லியில் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லும் என்று மூச்சடக்கிக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

நீதிபதியை மக்களே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அது கற்பனை அன்று. அமெரிக்காவில் 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலால் அமர்த்தும் முறையை ஏற்றது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதேனும் ஒரு நிலையில் நீதிபதிகள் வாக்காளர்முன் நிற்கின்றனர். கேரளத்தின் காசர்கோட்டில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பீடி சுற்றிப் பிழைத்து, பின் மீண்டும் படித்து வழக்கறிஞரான சுரேந்திரன் பட்டேல் என்பவர், 2022 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தில் மாவட்ட நீதிபதியாக மக்கள் வாக்கால் தேர்வுபெற்றார். பீடிக் கட்டிலிருந்து நீதிபீடத்துக்குப் போகும் வழியை வாக்குச்சீட்டு திறந்துவிட்டது என்று மகிழலாம். ஆனால் வாக்குக் கேட்கும் நீதிபதிக்குத் தேர்தல் நிதியும் வேண்டும். நிதி தந்தவரே நாளை வாதியாக வந்து நிற்கவும் கூடும். மகிழ்ச்சியும் அச்சமும் ஒரே வாசலில் நுழைகின்றன.

தமிழகத்துக்கும் இந்தக் கவலை பழையது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலையால் வாரியத்துக்கு ஆளெடுக்கும் முறையைக் கூறுகின்றன. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குக் கீழ். இறை செலுத்தும் நிலம். சொந்த மனையில் வீடு. கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகியாமை. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமின்மை. யார் வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்பதில் அச்சபை எவ்வளவு கருத்தாக இருந்தது என்பது எண்ணத்தக்கது.

விடுதலை பெற்ற இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின்படி உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் அமர்த்துகிறார். தேர்தல் அரங்குக்கும் நீதி அரங்குக்கும் இடையே உயர்ந்த சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அந்தச் சுவரைக் கடந்தவர் மிகச் சிலர். மக்களிடம் நேரில் வாக்குக் கேட்டு வென்று, தோற்று, அமைச்சராகி, பதவி இழந்து, பின்னர் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அமர்ந்தவர் ஒருவரின் வரலாறு இந்த மேடையில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் தமிழ்பேசும் குடும்பம் ஒன்றில் 1915 நவம்பர் 15-இல் அவர் பிறந்தார். தந்தையார் ராம அய்யர் மலபாரின் கொயிலாண்டியில் வழக்கறிஞர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்று, தலைச்சேரியில் வழக்காடத் தொடங்கினார். அந்நாளைய மலபார் கொந்தளித்துக் கொண்டிருந்த நிலம். குத்தகை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பொதுவுடைமைக் கட்சியினரும் அவரைத் தேடி வந்தனர். 1948-இல், காவல் துறையின் சித்திரவதையைக் கண்டித்தவர் என்பதனாலும் பொதுவுடைமையாளர்க்குச் சட்ட உதவி செய்தார் என்னும் குற்றச்சாட்டாலும், ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையில் வைக்கப்பட்டார். பின்னாளில் சிறையைப் பற்றி அவர் எழுதிய தீர்ப்புகளின் விதை இங்கே விழுந்தது எனலாம்.

1952-இல் இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் கூத்துப்பறம்புத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்வுபெற்றார். அன்று மலபாரும் மதுரையும் ஒரே மாகாணம். கம்பம் பள்ளத்தாக்கின் உறுப்பினர்களும் கூத்துப்பறம்பின் உறுப்பினரும் ஒரே மன்றத்தில் அமர்ந்திருந்தனர். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் மலைக்கு அப்பால் கேரளத்திலேயே நின்றன.

1957-இல் தலைச்சேரியில் சுயேச்சையாக நின்று வென்ற கிருஷ்ணய்யர், ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்றார். சட்டம், உள்துறை, சிறை, நீர்ப்பாசனம், மின்சாரம் எனப் பல துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஏழைகளுக்குச் சட்ட உதவியும் சிறைச் சீர்திருத்தமும் அவர் கைவைத்த பணிகள். 1959 ஜூலை இறுதியில் அந்த அமைச்சரவையை மைய அரசு கலைத்தது. மறுநாளே அவர் வேலையற்ற வழக்கறிஞர்.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1960 தேர்தலில் தலைச்சேரியில் அவர் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அவர் தேர்தல் வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்று சட்டமன்றத்துக்குத் திரும்பினார். வாக்குப்பெட்டி சொன்னதை நீதிமன்றம் திருத்த முடியும் என்பதைச் சட்டநூலில் படித்து அறிந்தவர் பலர். தம் வாழ்வில் பட்டு அறிந்தவர் அவர். 1965 தேர்தலில் மீண்டும் தோற்றார். இம்முறை முறையிட ஏதுமில்லை. அரசியலை விட்டு முழுநேர வழக்கறிஞரானார். 1968 ஜூலையில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டார். 1971 முதல் 1973 வரை சட்ட ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார்.

1973 ஜூலையில் அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. அதற்குக் காரணம் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்த கையோடு, மூத்த நீதிபதிகள் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் ஒதுக்கிவிட்டு ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டிருந்தார். ஆட்சியின் கொள்கைக்கு இசைவான நீதிபதிகள் வேண்டும் என்னும் பேச்சு அதிகார வட்டங்களிலேயே எழுந்த காலம் அது. அந்த வேளையில் இடதுசாரி அமைச்சராயிருந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு வருவதா என்று பம்பாய் வழக்கறிஞர் சிலர் கையொப்பமிட்டு எதிர்த்தனர். அவர்களுள் ஒருவர் சோலி சொராப்ஜி.

அவ்வச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கட்சி மேடையில் பழகிய நா, நீதிபீடத்திலும் கட்சியையே பேசும் என்று ஐயுறுவது இயல்பு. திருக்குறள் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்திருப்பதே, அது மனிதர்க்கு இயல்பாக வாய்க்காத ஒன்று என்பதனால் அன்றோ?

சோதனை விரைவில் வந்தது. 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாகத் தனியே இருந்தவர் கிருஷ்ணய்யர். மைய சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்துச் சந்திக்க விரும்பியதையும், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும், சந்திப்புக்குத் தேவையில்லை என்று தாம் மறுத்ததையும் அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். பிரதமர் சார்பில் பல்கிவாலாவும், எதிர்த்து வழக்காடிய ராஜ் நாராயண் சார்பில் சாந்தி பூஷணும் வாதாடினர்.

தம் நியமனத்துக்குக் காரணமான ஆட்சியின் தலைவரே மனுதாரர். தேர்தல் வழக்கில் நின்று வென்ற ஒருவரே நீதிபதி. ஜூன் 24-இல் அவர் அளித்தது நிபந்தனையோடு கூடிய தடையாணை. பிரதமர் பதவியில் நீடிக்கலாம். அவைக்கு வரலாம், பேசலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவும் ஊதியம் பெறவும் கூடாது. ஆளுங்கட்சி வேண்டியது முழுத் தடை; எதிர்க்கட்சிகள் வேண்டியது முழு மறுப்பு. இரண்டும் கிட்டவில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அந்த ஆணை இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்போரும், இருந்த சட்டத்துக்கு அதுவே பொருத்தம் என்போரும் இன்றும் உளர். ஆனால் அந்நாளில் ஆட்சிக்கு அவர் அடிபணிந்தார் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. அவருடைய தம்பி வி. ஆர். லட்சுமிநாராயணன், பின்னாளில் தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைமை இயக்குநராக விளங்கியவர், 1977 அக்டோபரில் மையப் புலனாய்வுத் துறை அதிகாரியாக இந்திரா காந்தியைக் கைது செய்தார் என்பது வரலாற்றின் விந்தை. சொராப்ஜியோ, தாம் அன்று எதிர்த்தது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

அப்படியானால் தேர்தல் அரங்கிலிருந்து அவர் கொண்டுவந்தது என்ன? கட்சியை அவர் வாசலில் விட்டுவிட்டார். மக்களை உள்ளே அழைத்துவந்தார். இதற்கு ஒரு வழக்கே போதும். 1978-இல் தீர்ப்பான மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்குப் பிணையளிக்க உச்ச நீதிமன்றம் முன்பே ஆணையிட்டிருந்தது. கீழ் நீதிமன்றமோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள்பிணை கேட்டது; அண்ணன் தம்பி உறவில் ஒருவர் பிணை நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தது. கிருஷ்ணய்யர் அதனை ஏற்கவில்லை. ஏழையின் கைக்கு எட்டாத தொகை கேட்பது பிணையை மறுப்பதற்கு ஒப்பாகும். ஒரே நாட்டில் ஒருவர் வேற்று மாவட்டத்தவர், வேற்று மொழியினர் என்பதற்காகப் பிணையாளியை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவிக்க ஆணையிட்டார்.

இந்தத் தீர்ப்பின் பொருள் புதுடெல்லியைவிடக் கம்பத்தில் எளிதாக விளங்கும். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுதுசாய இறங்கிவரும் கூலித் தொழிலாளர்கள் இங்கு எத்தனை பேர்! அவர்களுள் ஒருவர் மலைக்கு அப்பால் ஏதேனும் வழக்கில் சிக்கினால், பிணை நிற்க இருப்பது கூடலூரிலோ சின்னமனூரிலோ ஓட்டு வீடு ஒன்றை வைத்திருக்கும் மாமனோ மைத்துனனோதான். அந்த வீடு வேறு மாநிலத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டால், அத்தொழிலாளிக்குச் சிறைதான் வீடு. மலை எல்லையாகலாம், நீதிக்கு அது மதிலாகக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

திகார் சிறையில் மரணத்தண்டனைக் கைதியாய்த் தனிக்கொட்டடியில் இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரைச் சிறைக்காவலர் வதைத்ததை ஒரு கடிதத்தில் எழுதினார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு 1979-இல் தீர்ப்பாயிற்று. முத்திரைத்தாளும் வழக்கறிஞரும் இன்றி, ஒரு மனிதன் எழுதிய எழுத்து நீதிமன்றக் கதவைத் திறந்தது. எழுத்தை நம்பி வாழ்வோர் கூடியுள்ள இந்த அவையில் அச்செய்தி தனிப் பொருள் உடையது. அயலுறவுப் பணியில் பெண்களுக்கு எதிராக இருந்த விதிகளைச் சுட்டிய சி. பி. முத்தம்மா வழக்கு 1979-இல். கடனைத் திருப்பித்தர வழியற்றவனைச் சிறையிலிடலாகாது என்ற ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கும், சாக்கடை நாறும் தெருவைத் துப்புரவாக்கப் பணமில்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்ற ரத்லாம் வழக்கும் 1980-இல். ஒவ்வொன்றிலும் அவர் முன் நின்றவர்கள், ஒரு காலத்தில் வாக்குக் கேட்டு அவர் நடந்த தெருக்களில் கண்ட மனிதர்களைப் போன்றவர்களே.

எனினும் அவர் எல்லா வழக்கிலும் வென்றார் என்பதற்கில்லை. கோவலன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள்: தவறான கொலைத்தண்டனையை எந்த மேல்முறையீடும் மீட்டுத் தராது. 1974-இல் எடிகா அன்னம்மா என்னும் இளம்பெண்ணின் தூக்குத்தண்டனையை ஆயுள்தண்டனையாகக் குறைத்த கிருஷ்ணய்யர், 1979-இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் அத்தண்டனையின் எல்லையை மிகக் குறுக்கினார். அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அவர் வரைந்த எல்லையை ஏற்காமல், அரிதினும் அரிதான வழக்குகளில் அது பொருந்தும் என்று முடிவுசெய்தது.

அவருடைய தீர்ப்புகளின் நடையைப் பற்றியும் கவிஞர்கள் அவையில் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அது அடுக்கும் அணியும் மிகுந்த ஆங்கிலம். அகராதியைப் புரட்டாமல் படித்தவர் குறைவு. யாருக்காக அத்தீர்ப்புகள் எழுதப்பட்டனவோ அவர்களால் அவற்றைப் படிக்க முடியவில்லை. மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, நூறாண்டுக்கும் முன்னரே, உயர்முறையீட்டு மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862-இல் நூலாக வெளியிட்டார். அவரே பின்னர்த் தமிழின் முதற் புதினத்தையும் எழுதினார். அந்த வழியில் இன்னும் நெடுந்தொலைவு போகவேண்டும். 1976-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடந்தந்தது. 2004-இல் உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரைக்கு வந்து தேனிக்குத் தொலைவைக் குறைத்தது. ஆனால் அங்கும் தீர்ப்பின் மொழி ஆங்கிலமே. தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படித்தறிய முடியாத மனிதன், கண்ணகிக்குக் கிடைத்த வாய்ப்பைக்கூடப் பெறாதவன். அவள் பேசிய மொழியிலேயே அவளுக்கு விடை கிடைத்தது.

1980 நவம்பரில் ஓய்வுபெற்ற கிருஷ்ணய்யர் மீண்டும் ஒருமுறை வாக்குக் கேட்டு நின்றார். 1987-இல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக, ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து. தோல்வி உறுதி என்று அறிந்தே நின்றார், தோற்றார். எர்ணாகுளத்தில் அவர் வாழ்ந்த இல்லத்துக்கு வழக்கு வேண்டியும் அறிவுரை வேண்டியும் மக்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. 2014 டிசம்பர் 4-இல் அவர் மறைந்தார்.

அவையோரே, நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டுமா, அரசு அமர்த்த வேண்டுமா என்னும் வினாவுக்கு இவ்வாழ்க்கை நேர்விடை தரவில்லை. வாக்கால் வந்தவர் வாக்காளர்க்கு அஞ்சலாம். அமர்த்தப்பட்டவர் அமர்த்தியவர்க்கு அஞ்சலாம். இரண்டு அச்சத்தையும் அறிந்து, இரண்டையும் வாசலில் நிறுத்தியவர் ஒருவர் இருந்தார் என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. தோற்றவனின் நிலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆதலால் தோற்றவன் கதவைத் தட்டியபோது அவருக்குக் கேட்டது.

தேனியில் இன்று அரசு சட்டக் கல்லூரி இயங்குகிறது. இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் அங்குப் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஒருநாள் நீதிபீடத்தில் அமர்வார். அவர் எவ்வழியில் அங்குப் போய்ச் சேர்ந்தாலும், சித்திரை முழுநிலவில் மலையேறியவர்களின் பிள்ளையாகவே போகட்டும். கையில் ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் அவைக்கு வந்தால், அவள் சொல்வதை முழுவதும் கேட்டபிறகே அவர் வாய் திறக்கட்டும்.